டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி?

வாசகர் கேள்விகள்

(இந்த வாரம் பதில் சொல்பவர், சென்னை மீனம்பாக்கத்தில் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி, 2019இல் ஓய்வுபெற்றவர். நங்கநல்லூரில் வசிக்கிறார்.)

என் மகள் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக மே மாதம் போகிறேன். எனக்கு இதுதான் முதல் விமானப் பயணம். டெல்லியில் அதிகாலை 2.30க்குப் புறப்பாடு, அதே தேதி காலை 6.00க்கு அங்கே சேர்வதாக டிக்கெட்டில் இருக்கிறது. மூன்றரை மணி நேரத்தில் அமெரிக்கா போய்விடுமா? மகன் 16 மணி நேரம் என்கிறான். யார் சொல்வது சரி?
– கும்பகோணம் வாசகி

மகன் சொல்வதுதான் சரி அம்மா. டிக்கெட்டும் பொய் சொல்லவில்லை. அதில் இருக்கும் இரண்டு நேரமும் இரண்டு ஊர்க் கடிகாரங்கள். புறப்படும் நேரம் டெல்லிக் கடிகாரம், சேரும் நேரம் சான்ஃபிரான்சிஸ்கோ கடிகாரம். மே மாதத்தில் அந்த ஊர் நம்மைவிட 12½ மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே காலை 6 மணி என்றால் நம் வீட்டில் மாலை 6.30. அதிகாலை 2.30இலிருந்து மாலை 6.30 வரை எண்ணிப் பாருங்கள், 16 மணி வரும். இதையே டிசம்பரில் போட்டால் வித்தியாசம் 13½ மணி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி திருப்பிவிடுவார்கள்.

திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறாக மிரட்டும். ஓர் உண்மையான கணக்கைச் சொல்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் 2021 ஜனவரி 9 இரவு 8.30க்குப் புறப்பட்டு, 11ஆம் தேதி அதிகாலை 3.45க்குச் சேரும் என்று அறிவித்தார்கள். தேதியைப் பார்த்தால் இரண்டு நாள் போலத் தெரியும். கடிகாரத்தைக் கழித்தால் 31¼ மணி. அதில் 13½ போனால் 17¾ மணி. வடதுருவத்தின் மேலாக வந்த அந்த விமானத்தை ஓட்டியவர்கள் நால்வருமே பெண்கள், கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில். அன்று அதிகாலை நான் தூங்கவில்லை. ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும், நானே திட்டம் போட்ட விமானம் போல அது இறங்கும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. டிக்கெட்டில் உள்ள 16 மணியும் ஆகாயத்தில் கழிவதில்லை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள், அதற்குச் சாக் என்று பேர். டெல்லியில் சாக்கை எடுத்த நிமிடம் தொடங்கி, அங்கே போய்ச் சாக் வைக்கும் நிமிடம் வரை எண்ணுவதுதான் அந்த நேரம். எங்கள் பேச்சில் பிளாக் டைம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும்.

பயப்படாதீர்கள். நடைபாதையை ஒட்டிய இருக்கையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து கழிவறை வரை நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள், உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும். கால் வீங்கும் வழக்கம் இருந்தால் கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உலக வரைபடத்தில் டெல்லியும் சான்ஃபிரான்சிஸ்கோவும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 12,400, இன்னோரிடத்தில் 13,900, வேறோரிடத்தில் 15,300 கிலோமீட்டர் என்று வருகிறது. எது உண்மையான தூரம்?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

மூன்றும் உண்மைதான் தம்பி. இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பகுதிக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் 12,400. கடையில் ஓர் உலக உருண்டை வாங்கி, டெல்லியில் நூலின் ஒரு முனையை வைத்து, சான்ஃபிரான்சிஸ்கோ வரை இழுத்துப் பிடி. நூல் கிழக்கே போகாது. மேலே ஏறி, திபெத்தையும் சைபீரியாவையும் தாண்டி, ஆர்க்டிக் கடலை ஒட்டி வளைந்து, அலாஸ்கா பக்கம் இறங்கும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பேர். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. தாள் வரைபடம் துருவப் பக்கத்தை இழுத்து அகலமாக்கிக் காட்டுவதால்தான் கிழக்கே நேராகப் போவது குறுக்குவழி மாதிரி நமக்குத் தெரிகிறது. அப்படி அட்சரேகையை ஒட்டியே போனால் 15,000 கிலோமீட்டருக்கு ஒட்டி வந்துவிடும்.

நீயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையே உள்ள கோணத்தைக் கண்டுபிடி. சுமார் 111 டிகிரி வரும். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர். பெருக்கினால் 12,400க்குப் பக்கத்தில் வந்து நிற்பாய். நான் வேலைக்குச் சேர்ந்த 1988இல் இதைப் பென்சிலும் ஸ்கேலும் வைத்து, மேசையை அடைக்கும் வரைபடத்தில் கோடு இழுத்துத்தான் செய்தோம்.

குறுகிய வழி இருக்கும்போது ஏன் அதில் போகவில்லை என்று கேட்பாய். திபெத்தைப் பார். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் மேலேயிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும். அது சில நிமிடங்களுக்குத்தான் வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு, அதாவது 3,000 மீட்டருக்கு இறங்கிவிட வேண்டும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்க இடமில்லை. வடக்கே போகப் போகக் குளிர் இன்னொரு தொல்லை. நாம் இங்கே நிரப்பும் எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் கிடைக்கும் ரகம் மைனஸ் 40இலேயே. எஞ்சின் ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றை வைத்து எத்தனை நிமிடத்துக்குள் எந்த நிலையத்தில் இறங்கலாம் என்ற கணக்கும் வழியெங்கும் சரியாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஈடுகொடுத்துத் துருவப் பக்கம் பறக்கலாம், பறக்கிறார்கள். அதற்கென்று தனி அனுமதியும் பயிற்சியும் வேண்டும்.

இப்போது மற்ற இரண்டு எண்கள். ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி – சான்ஃபிரான்சிஸ்கோ நேரடிச் சேவையைத் தொடங்கியபோது மேற்கே, அட்லாண்டிக் வழியாகத்தான் போனது. சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் போகும் பயணத்தைக் கிழக்கே திருப்பினார்கள், சீனா, ஜப்பான், பசிபிக் வழியாக. சுமார் 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, முதல் பயணம் 14½ மணியில் முடிந்தது.

அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அறையில் எல்லோரும் ஒரு தாளை எடுத்து வகுத்துப் பார்த்தோம். 15,300ஐ 14½ஆல் வகுத்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். அந்த ரக விமானம் தன் பலத்தில் மணிக்கு 900 ஓடும். மீதி 150ஐக் கொடுத்தது காற்று. அதுவும் ஒரு மணி, இரண்டு மணி இல்லை, வழி முழுக்கச் சராசரியாக.

ஆகவே டெல்லிக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், எந்த வழியாக, எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேள்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியென்றால் மேற்கே பறக்கும் விமானத்தை நோக்கி ஊர் தானாக வர வேண்டுமே? கிழக்கே போவதுதான் விரைவு என்கிறார்களே, எப்படி?
– யாழ்ப்பாணத்து வாசகர்

ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போட்டுப் பாருங்கள் ஐயா. அது கையிலேயே வந்து விழும், பின்பெட்டிக்குப் போகாது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, காற்றில் மிதக்கும் விமானமும் சுழல்கிறது. ஊர் தானாக வராது.

ஆனால் அந்தச் சுழற்சிதான் வேறு வழியாக வேலை செய்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. டெல்லி இருக்கும் மட்டத்தில் அது 1,450 சொச்சம்தான். வெப்பத்தால் மேலெழுந்து வடக்கே நகரும் காற்று, கிளம்பிய இடத்தின் வேகத்தைக் கொண்டுபோகிறது. வடக்கே போகப் போகக் கீழே உள்ள தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் இது ஆறு போல ஓடும் இடங்கள் உண்டு. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் வலு அதிகம். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய நாள்களை நானே காற்று வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். இதை முதலில் அளந்து எழுதியவரும் ஒரு ஜப்பானியர்தான், வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓய்ஷி. 1920களில் பலூன் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டாருக்கும் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவென்பதால் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை நினைத்தால் எப்போதும் மனம் கனக்கும்.

நீங்கள் யாழ்ப்பாணம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்தில் தோணித் தொழில் பார்த்தவர். காங்கேசன்துறை எவ்வளவு தூரம் தாத்தா என்று சின்ன வயதில் கேட்டால், மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று சரியாக அமைந்தால் ஒரு ராத்திரி, அமையாவிட்டால் மூன்று நாள் என்பார். மைல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் அளந்து பார்த்தேன். ஏறத்தாழ 60 கடல் மைல், உருண்டையில் சரியாக ஒரு டிகிரி. தாத்தாவுக்கு அந்த எண்ணால் எந்தப் பயனும் இருந்திருக்காது என்பது அப்போது புரிந்தது. நான் 31 வருடம் பென்சிலிலும் கணினியிலும் செய்ததும் அவர் வேலையைத்தான்.

அப்படிக் காற்று தினமும் மாறுமென்றால், ஆறு மாதத்துக்கு முன்பே டிக்கெட்டில் எப்படி நேரம் போடுகிறார்கள்?
– சேலம் வாசகர்

பல வருடத்துக் காற்றுக் கணக்கைப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் தாமதமாகாத அளவுக்கு ஒரு நேரத்தை எடுத்துப் போடுவார்கள். கோடைகால அட்டவணை, குளிர்கால அட்டவணை என்று இரண்டு. சென்னை – லண்டன் பெருவட்டத் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அதனால் அட்டவணையில் போகும் நேரம் வரும் நேரத்தைவிட அரை மணியோ ஒரு மணியோ கூடுதலாக இருக்கும்.

போனதில் இழந்ததை வருவதில் பெற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 9,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாமல் 900 வேகத்தில் போக 10, வர 10, மொத்தம் 20 மணி. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஒரு பக்கம் 9 மணி, மறுபக்கம் 11¼ மணி. கூட்டினால் 20¼. எதிர்க்காற்றில்தான் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டு இருக்கிறோம், அதனால் கால் மணி நட்டம்.

அட்டவணை ஆறு மாதத்துக்கு முன்பே இருக்கும். உண்மையான திட்டம் புறப்பாட்டுக்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் உருவாகும். அங்கேதான் என் வேலை. ஒரு ஜனவரி இரவு எனக்கு மறக்காது. மேற்கே போகும் பெரிய விமானம் ஒன்று. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடைசியாக வந்த காற்று விவரத்தைப் போட்டால் பயண நேரம் 25 நிமிடம் கூடிவிட்டது. அந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 7 டன் எரிபொருள் குடிக்கும். 25 நிமிடத்துக்கு 3 டன். அந்த 3 டன்னைப் பத்து மணி நேரம் சுமந்து போவதற்கு இன்னும் ஒரு டன். மொத்தம் 4 டன் கூடுதல். விமானம் எழும்பக்கூடிய எடையில் ஏற்கெனவே விளிம்பில் இருந்தோம். பயணிகளை இறக்க முடியாது. சரக்கை இறக்கச் சொன்னேன். இறங்கியது முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைப்பூ. லண்டனில் தமிழ்க் கடைகளுக்கும் கோயில்களுக்கும் போக வேண்டியது.

ஏற்றுமதி வியாபாரி ஒருவர் சரக்ககத்திலிருந்து போனில் கத்தினார். பூ நாளைக்கு ஆகுமா என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கோபம் நியாயமானது. நான் போட்ட கணக்கும் சரியானது. தட்டையான வரைபடத்தில் ஒரு கோட்டைப் பார்த்து இவ்வளவுதானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம், ஓரமாக அடுக்கி வைத்த அந்தப் பெட்டிகள் என் கண்முன் வரும்.

உலகிலேயே நீண்ட நேரம் பறக்கும் பயணிகள் விமானம் எங்கள் சிங்கப்பூரிலிருந்துதான் போகிறதாமே?
– சிங்கப்பூர் வாசகி

ஆமாம், நியூயார்க்குக்கு. சுமார் 15,300 கிலோமீட்டர், ஏறத்தாழ 19 மணி நேரம். 2018 அக்டோபரில் நியூயார்க்கை அடுத்த நூவர்க்குக்கும், 2020 நவம்பரில் கென்னடி விமான நிலையத்துக்கும் தொடங்கினார்கள். அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவைக் கூட்டிய ஏர்பஸ் ஏ350, கொள்ளளவு 1,65,000 லிட்டர். அதற்கு ஈடாக இருக்கை 161தான், சாதாரண வகுப்பே கிடையாது. கிலோமீட்டரை 2016இல் டெல்லி விமானம் பறந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே 15,300. அது 14½ மணி, இது 19.

போன வருடம் டெல்லியிலிருந்து அமெரிக்கா போன விமானம் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பியது. நேரடி விமானம் என்றுதானே டிக்கெட் விற்றார்கள்?
– ஓசூர் வாசகர்

உங்கள் எரிச்சல் புரிகிறது. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. மேற்கே போகும் விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கூடுதல் தூரத்துக்கு எரிபொருள் போதாது. அதனால் வழியில் இறக்கம். 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரையும் இதே கதை, அப்போது நான் வேலையில் இருந்தேன்.

பூமியின் மேல் தூரம் மாறவே இல்லை. வழி மட்டும் மாறும். 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போகும் ஃபின்ஏர் விமானம் 9 மணியிலிருந்து சுமார் 13 மணிக்குப் போய்விட்டது. நான்கு மணி நேரம்! அந்த நான்கு மணி நேரத்துக்கும் யாரோ ஓர் அம்மா உட்கார்ந்தே இருக்கிறார், யாரோ ஒரு குழந்தை அழுகிறது. எல்லைக்கோடு பார்த்து வானத்தை மூடுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மகன் ஜனவரியில் லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறான். அதிகாலையில் அழைத்துவரப் போக வேண்டும். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பலாம்?
– தாம்பரம் வாசகர்

ஜனவரியில் லண்டனிலிருந்து கிழக்கே வரும் விமானத்தைக் காற்று தள்ளிக்கொண்டு வரும். சொன்ன நேரத்துக்கு 20, 30 நிமிடம் முன்பே இறங்குவது சகஜம். 2020 பிப்ரவரியில் புயல் வீசிய ஒரு நாளில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு ஜம்போ 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பயணத்துக்கு அதைவிட ஒரு மணிக்கு மேல் கூடுதலாக ஆவதுதான் வழக்கம்.

அதற்காக நீங்கள் அவசரப்பட வேண்டாம். குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது, சுங்கம் எல்லாம் முடிந்து அவர் வெளியே வர இறங்கிய பிறகு ஒரு மணி நேரமாவது ஆகும். லண்டனில் சாக் எடுத்த பிறகு இணையத்தில் எதிர்பார்க்கும் நேரம் என்று ஒன்று காட்டுவார்கள். அதைப் பாருங்கள், டிக்கெட்டை மறந்துவிடுங்கள். தூங்கப் போகுமுன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை பார்த்தால் போதும். அது காட்டும் நேரத்துக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினாலே சரியாக இருக்கும்.

கடைசியாகக் கொடுக்கும் சிற்றுண்டியைத் தூக்கக் கலக்கத்தில் பாதிப்பேர் சாப்பிடமாட்டார்கள். நாலு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள், காரிலேயே சாப்பிட்டுவிடுவார்.